எங்க ஊரு ஆஸ்பத்திரி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க் குழு நண்பர், "டெக்னிக்கலா ஏதாவது எழுது, இல்லன்னா கவிதை குடு" என்றார். கவிதை நமக்கு வராது. டெக்னிக்கல் என்றால் ரோபோ, மின்சார வாகனம், செயற்கை நுண்ணறிவு. இதையெல்லாம் எழுத நம் வகுப்பிலேயே ஒரு பட்டாளம் இருக்கிறது. அதனால் நான் எங்க ஊர் கவர்மெண்டு ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறேன். "இதுல என்னடா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. ஸ்க்ரூ கேஜ் கூட வருகிறது.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் தாலுகா, சாலவாக்கம். அதை ஒட்டி ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் ஏரி, நெல், அப்புறம் கல். பழவேரி, சிறுதாமூர் பக்கம் போனால் குவாரியும் கிரஷரும்தான். வண்டி போகிற ரோட்டோரத்து வேப்பமரம்கூட வெள்ளையடித்த மாதிரி நிற்கும். செங்கல்பட்டுக்குப் போகவேண்டுமென்றால் பாலாற்றைத் தாண்டவேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. எங்கள் தாலுகா காஞ்சிபுரத்தோடேயே நின்றுவிட்டது, 1965-ல் ஆரம்பித்த மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் அந்த மாவட்டத்தோடு போய்விட்டன. ஆனால் வயிற்று வலியோடு ஆட்டோவில் கிடக்கிறவனுக்கு மாவட்ட எல்லை எங்கே தெரியப்போகிறது? இன்றைக்கும் பெரிய வியாதி என்றால் ஆற்றைத் தாண்டித்தான் போகிறோம்.

பெரிய வியாதிக்குச் சரி. மற்றதுக்கு? காய்ச்சல், பேதி, நாய்க்கடி, பாம்புக்கடி, பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி, ஆயாவுக்கு பி.பி. மாத்திரை... இதற்கெல்லாம் சாலவாக்கம் ஆரம்ப சுகாதார நிலையம்தான். பி.எச்.சி. என்று நாம் சொல்வது. ஆயா இன்னமும் "ஆஸ்பத்ரி" என்றுதான் சொல்வாள்.

இந்த பி.எச்.சி. என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்தின் கடைசியில் போர் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். (சண்டை போடுகிற போர் அல்ல, தலைவர் பெயர் ஜோசப் போர்.) 1946-ல் அந்தக் கமிட்டி கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக ஒருவருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக்கூடாது. 1952-ல் காந்தி ஜெயந்தி அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து இந்த நிலையங்கள் வர ஆரம்பித்தன. இப்போது இருக்கிற கணக்கு, சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 20,000-க்கும் 3,000-க்கும் ஒன்று. அந்த 5,000 பேரைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு அம்மா, கிராம சுகாதார செவிலியர். எங்கள் ஊரில் "நர்சம்மா" என்றால் அவர்தான். டாக்டரைவிட அவருக்குத்தான் எங்கள் ஊரில் செல்வாக்கு அதிகம். யார் வீட்டில் எத்தனை குழந்தை, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யார் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான், அத்தனையும் அவர் நோட்டில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். புதன்கிழமை தடுப்பூசி. அன்றைக்கு உள்ளே போனால் குழந்தைகள் அழுகிற சத்தத்தில் காது கிழியும். என் தங்கை பிறந்தது இப்படிப்பட்ட ஒரு நிலையத்தில்தான். எங்கள் ஆயா பெற்ற ஐந்து பேரும் வீட்டிலேயே, மருத்துவச்சி கையில். அதில் இரண்டு தங்கவில்லை. மூன்று நர்சுகளைப் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்கிற ஏற்பாடு வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று வந்தது. ஆயாவிடம் சொன்னேன். "மீதி அரை?" என்று கேட்டாள். வழியில் நூத்தியெட்டு வண்டியில பொறக்கும் போல என்றேன்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இலவச மருந்து என்றால் மட்டமான மருந்து என்று நம் ஆட்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. ஹாஸ்டலிலேயே கேட்டிருக்கிறேன்: "பி.எச்.சி. மாத்திரைடா, வேலை செய்யாது." சரி, அந்த மாத்திரை எப்படி வருகிறது? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மாநிலம் முழுக்க வேண்டிய மருந்துக்கு ஒரே டெண்டர். கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்குவது. வந்த ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, பாஸ் ஆனால்தான் வெளியே விடுவது. மாவட்டத்துக் கிடங்கில் இருப்பு வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான், இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு, எடுத்ததற்குப் பற்று. அட்டையிலேயே அரசு முத்திரை இருக்கும், வெளியே விற்க முடியாது. கேரளா, ராஜஸ்தான் எல்லாம் பிறகு இதைப் பார்த்துத்தான் தங்கள் மாநிலத்தில் ஆரம்பித்தார்கள். குவாலிட்டி கண்ட்ரோல் பேப்பரில் சாம்ப்ளிங், இன்வெண்டரி என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அது அந்த மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நான் அடித்துச் சொல்கிறேன், பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கலர் கவரில் போட்டுக் கொடுக்கிற மாத்திரைக்கு இவ்வளவு சோதனை கிடையாது.

இப்போது என் அப்பாவின் கதை. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரைப் போடாத" என்றார்.

அப்பா குவாரியில் லோடு வேலை. தினக்கூலி. 2023 தை மாசம் ஆரம்பித்த இருமல் மாசி முடிந்தும் விடவில்லை. ராத்திரி இருமி இருமி எழுந்து உட்காருவார். பனி என்றார், அப்புறம் தூசி என்றார். பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். போன உடனே ஒரு ஊசி, மூணு நாளைக்கு மாத்திரை, ஒரு டானிக், மொத்தம் 350 ரூபாய். ஊசி போட்ட அன்றைக்கு இருமல் கொஞ்சம் அடங்கும். நாலாம் நாள் மறுபடியும். இப்படி எட்டு தடவை. நடுவில் வேலைக்குப் போகாத நாளின் கூலி வேறு. அம்மா மகளிர் குழுவில் 10,000 எடுத்தாள். பேன்ட் இடுப்பில் நிற்காமல் அப்பா கயிறு கட்டிக்கொண்டார். ஒருவரும் ஒருநாளும் சளியைச் சோதிக்கச் சொல்லவில்லை.

கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போனால் அரை நாள் போய்விடும், அரை நாள் போனால் அன்றைய கூலி போய்விடும். கிளினிக் சாயந்திரம் ஏழு மணிக்கும் திறந்திருக்கும். கூலிக்காரனின் கணக்கு இது, அவர் கணக்கில் தப்பு இல்லை. ஏழைக்கு இலவச வைத்தியம் என்று நாம் பேசும்போது இந்த நேரக் கணக்கை மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

பங்குனியில் ஒருநாள் நர்சம்மா அடுத்த வீட்டுக்கு வந்திருந்தார், அங்கே ஒரு அக்கா மாசமாக இருந்தார். அப்பா இருமுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. நேராக எங்கள் வாசலில் வந்து நின்று, "எத்தினி நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தாலே வரணும்னு எத்தினி தரம் சொல்லியிருக்கேன்? சாயந்திரம் ஜுரம் வருதா? ராத்திரி வேர்க்குதா?"

எல்லாவற்றுக்கும் அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் அப்பாவை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாலவாக்கம் போனேன். ஓ.பி. சீட்டு போட்டு, உட்கார்ந்து, முறை வந்தது. டாக்டரம்மா நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு சளி டப்பா கொடுத்தார். எக்ஸ்ரேவுக்கு உத்திரமேரூர். அந்த வாரத்துக்குள் தெரிந்துவிட்டது, காசநோய். டி.பி.

அதைக் கேட்டதும் அப்பா முதலில் சொன்ன வார்த்தை, "வெளிய சொல்லாதீங்க." ஆயா கேட்ட கேள்வி வேறு: "தாம்பரம் சானிட்டோரியத்துக்கு அனுப்பிடுவாங்களா?" எங்கள் பக்கத்தில் பழைய ஆட்களுக்கு டி.பி. என்றால் தாம்பரம். டாக்டர் சவுரி முத்து என்பவர் 1928-ல் ஆரம்பித்த சானிட்டோரியம் அது. போனவன் திரும்ப வருவானா என்று வாசலில் நின்று அழுத காலத்து ஞாபகம் ஆயாவுக்கு.

"ஏன் அனுப்பல?" என்பதற்கு விடை நம்ம மெட்ராசிலேயே இருக்கிறது. நண்பர்களே, இது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று ஆரம்பித்தார்கள், இன்றைக்கு அது காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம். சென்னை நகரத்தின் ஏழைக் குடும்பங்களில் இருந்து 193 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரை சானிட்டோரியத்தில் வைத்தார்கள். அங்கே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மீதிப் பேருக்கு அதே மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே விட்டார்கள். இவர்கள் இருந்தது நெருக்கடியான குடிசை, அரை வயிறு சாப்பாடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம்! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சானிட்டோரியம் என்கிற யோசனையே ஆட்டம் கண்டது. படுக்கை இல்லாமல், கட்டடம் இல்லாமல், கிராமத்து பி.எச்.சி. கொடுக்கிற மாத்திரையிலேயே டி.பி. குணமாகும் என்று உலகத்துக்குச் சொன்னது மெட்ராஸ் குடிசைவாசிகளின் சளி. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை.

ஆக, அப்பா வீட்டிலேயே இருந்தார். எடை 46 கிலோ. எடைக்குத் தகுந்த கணக்கில் தினம் மூன்று மாத்திரை, நாலு மருந்து சேர்ந்தது. இரண்டு மாசம் அது, அப்புறம் நாலு மாசம் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. "சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க" என்று சிஸ்டர் முன்னாலேயே சொல்லி அனுப்பியதால் அப்பா பயப்படவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பார். சர்க்கரை, எச்.ஐ.வி. சோதனையும் எடுத்தார்கள். எடை பார்த்து, ஆக்சிஜன் பார்த்து, கால் வீக்கம் பார்த்து, "பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எதற்கு இதெல்லாம் என்று விசாரித்தேன். 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று தமிழ்நாட்டில் தொடங்கியிருக்கிறார்கள். ரொம்ப மோசமாக இருக்கிறவனை முதல் நாளே கண்டுபிடித்து அட்மிட் செய்வதற்கு இந்த நாலு கேள்வி. மெஷின் எதுவும் பெரிதாக வேண்டாம், ஒரு எடை மிஷினும் ஒரு விரல் கிளிப்பும் போதும். எங்கள் மூன்று பேருக்கும் சோதனை செய்து தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அப்பா பேங்க் கணக்கில் மாசம் 500 ரூபாய் சத்துணவுக்கு வந்தது. (2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது.) அம்மா அதில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினாள். ஆறு மாசத்தில் ஒரு ரூபாய்கூட மருந்துக்குக் கொடுக்கவில்லை. பஸ் சார்ஜும் பெட்ரோலும்தான். ஆனால் அந்த எட்டு ஊசிக்கு எடுத்த 10,000 ரூபாய்க் கடன் அடைய ஒரு வருஷம் ஆயிற்று.

"உங்ககிட்ட காப்பீட்டு அட்டை இல்லையா?" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீடு என்று ஆரம்பித்து, 2012 ஜனவரியில் புதுப் பெயரில் வந்தது. வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் சேரலாம். ஹார்ட் ஆபரேஷன், கிட்னி, கேன்சர் என்றால் அந்த அட்டை குடும்பத்தையே காப்பாற்றும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும். இருமலுக்கும், காய்ச்சலுக்கும், மாசா மாசம் சர்க்கரை மாத்திரைக்கும் அட்டையை நீட்ட முடியாது. ஓ.பி. வரிசையில் நிற்கிறவன் எல்லாம் ஒரு வகையில் காப்பீடு இல்லாதவன்தான். அவனுக்குக் காப்பீடு என்பது பி.எச்.சி. கதவு திறந்திருப்பது.

இ.எஸ்.ஐ.? அப்பாவுக்கு அது கிடையாது. கல்குவாரி சட்டப்படி சுரங்கம். 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலை என்று சொன்னபோதே சுரங்கத்தைத் தள்ளி வைத்துவிட்டது. தூசி அதிகமாக இருக்கிற இடத்தில்தான் அந்தச் சட்டத்தில் இ.எஸ்.ஐ. இல்லாமல் இருந்தது. என்ன நியாயமோ!

நம் கதையும் கொஞ்சம் கேளுங்கள். இந்த வருஷம் முடிந்ததும் நம்மில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று அப்ரண்டிஸாகப் போகப்போகிறோம். கம்பெனியில் பர்மனென்ட் ஆளுக்குச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அவர் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டி இ.எஸ்.ஐ. உண்டு. அதே லைனில், அதே மெஷினில் நிற்கிற நமக்கு? 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்தில் சேருகிறவன் 'எம்ப்ளாயி' அல்ல. இ.எஸ்.ஐ. சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்ரண்டிஸை அப்படியே வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். வேலை செய்யும்போது அடிபட்டால் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும், அது சட்டத்தில் இருக்கிறது. ரூமில் டெங்கு வந்து படுத்தால்? அந்த ஊர் பி.எச்.சி.தான். ஆகவே "அது கிராமத்து ஜனங்களுக்கு, நமக்கு இல்ல" என்று நினைக்கிற நண்பர்கள், சேரப்போகிற கம்பெனிக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாசா மாசம் அப்பாவோடு போய் வந்ததில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு பெட்டியை. நம்ம மின்னியல் பசங்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐ.எல்.ஆர். என்பார்கள், தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி. பார்க்க ஐஸ்கிரீம் பெட்டி மாதிரி மேலே திறக்கும். மேலே ஏன்? குளிர்ந்த காற்று கனம், மேல்மூடியைத் திறந்தால் கீழேயே தங்கும். முன்கதவு ஃபிரிட்ஜைத் திறந்தால் மொத்தமும் காலில் கொட்டிவிடும். உள்சுவரில் ஐஸ் கட்டிய உறை இருப்பதால் ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே போதும், 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் நிற்கும். கோடைக் கால பவர் கட்டை மனசில் வைத்தே டிசைன் செய்த பெட்டி! தனி ஸ்டெபிலைசர் உண்டு. காலை ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வெப்பநிலையை எழுதவேண்டும். சூடு ஆகாமல் இருந்தால் மட்டும் போதாது, சில தடுப்பூசி உறைந்துபோனாலும் வீண். கிராமத்துக்கு எடுத்துப்போகிற கேரியரில் நாலு ஐஸ் பேக் வைப்பார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைக்கக்கூடாது. காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் 'களக் களக்' என்று சத்தம் வந்த பிறகுதான் வைக்கவேண்டும். சென்சார் இல்லை, டிஸ்ப்ளே இல்லை, நர்சம்மாவின் காதுதான் இன்ஸ்ட்ருமென்ட். மருந்துக் குப்பி மேலே ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் கலர் வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடவேண்டும். படிக்காத ஆளுக்கும் புரிகிற மீட்டர். இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செங்கல்பட்டுக்குப் போகிறவர்கள் திருமுக்கூடல் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம், எங்கள் தாலுகாதான். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. அதில் ஒரு ஆஸ்பத்திரியின் முழு பட்ஜெட்டையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு ஆள், நோயாளியைப் பார்க்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. ராத்திரி முழுக்க விளக்கு எரிய எண்ணெய்க்குக்கூடத் தனியாக ஒதுக்கீடு. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, மண்டூர வடகம் என்று ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துப் பட்டியலும் உண்டு. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் யார் அங்கே படுக்கலாம் என்று பார்த்தேன். கோயில் பள்ளியில் வேதம் படித்த மாணவர்கள், கோயில் வேலையாட்கள். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவனுக்கு ஜுரம் வந்தால் எங்கே போனான் என்று கல்வெட்டில் இல்லை. ஓ.பி. சீட்டில் சாதி கேட்காமல், நீ யார் என்று கேட்காமல் பெயரும் வயசும் மட்டும் எழுதுகிற எங்க ஊரு பி.எச்.சி. அந்த விதத்தில் சோழனைவிட ஒருபடி மேல்தான்.

ஆனால் அந்தச் சீட்டில் கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்பதில்லை: என்ன வேலை செய்கிறாய்? 1700-ல் இத்தாலியில் ராமசினி என்ற டாக்டர், தொழிலாளிகளின் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். முந்நூறு வருஷம் தாண்டியும் நம் ஓ.பி. சீட்டில் அதற்கு இடம் இல்லை. அப்பாவிடம் டாக்டரம்மா வாய்விட்டுக் கேட்டார், "குவாரியா?" என்று தனியாகக் குறித்துக்கொண்டார். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சொல்லமுடியாது. கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ். அதற்கு மருந்து கிடையாது. அது இருக்கிறவனுக்கு டி.பி.யும் சீக்கிரம் ஒட்டும். இரண்டுக்கும் இருமலும் இளைப்பும் ஒரே மாதிரி. டி.பி. மாத்திரை சாப்பிட்டும் மூச்சு வாங்கினால், அது வேறு என்று யாராவது சந்தேகப்படவேண்டும், அதற்கு வேலை என்னவென்று தெரியவேண்டும். ராஜஸ்தானில் 2019-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து, சிலிக்கோசிஸ் என்று சான்று கிடைத்தவருக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள்.

ஸ்க்ரூ கேஜ் வருகிறது என்றேனே. அதன் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். முதல் வருஷ லேபில் ஒரு தலைமுடியை வைத்து அளந்தோம், ஞாபகம் இருக்கிறதா? நுரையீரலின் அடி வரைக்கும் இறங்குகிற தூசி அந்த லீஸ்ட் கவுண்டில் பாதிகூட இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசி மூக்கிலேயே நின்றுவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று குவாரியில் நினைக்கிறார்களே, துண்டின் இழைக்கு நடுவில் அது லாரி போகிற மாதிரி போகும். ட்ரில் போடும்போது தண்ணீர் விடுவது, கிரஷர் வாயில் தண்ணீர் ஸ்பிரே, கன்வேயருக்கு மூடி. ஒரு பம்பும் நாலு நாசிலும் உள்ள வேலை. மெக்கானிக்கல் நண்பர்கள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். எல்லோரும் தானியங்கிச் செடித் தண்ணீர் ஊற்றிதான் செய்யவேண்டுமா?

அப்பா இப்போது குவாரிக்குப் போவதில்லை. ஒரு நர்சரியில் செடிகளுக்கு மண் போடுகிறார். கூலி கொஞ்சம் கம்மி. எடை 55. மாடி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அதற்காக மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹாஸ்டலில் ஒரு நண்பன் மூணு வாரமாக இருமிக்கொண்டிருக்கிறான், ரூம் நம்பர் சொல்லமாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடிக்கிறான். டேய், இதை நீ படிப்பாய் என்று தெரியும். புதன்கிழமை போகாதே, தடுப்பூசிக் கூட்டம். வேற எந்த நாளாவது காலையில் சீக்கிரமாகப் போ, சீட்டு போடும்போதே எத்தனை வாரம் என்று சொல்லிவிடு. ரெண்டு டப்பா கொடுப்பார்கள். ஒன்று அங்கேயே. இன்னொன்று மறுநாள் எழுந்தவுடன், எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு. எச்சில் இல்லைடா, நெஞ்சிலிருந்து வருகிற சளி.